ஐந்து கோடை தாண்டிய பாட்டில்

2021 தையில் பைப் புகையிலை, வர்ஜீனியா ஃப்ளேக் (அழுத்தித் தகடாக வெட்டிய வர்ஜீனியா இலை), வருஷக்கணக்கில் கனியட்டும் என்று நாலு கண்ணாடி பாட்டிலில் அடைத்து வைத்தேன். கடைசி பாட்டிலை நேற்றுத்தான் திறந்தேன். முதல் இரண்டும் என் அவசரத்தில் பாழ்.

ஒன்றைப் பரணில் வைத்தேன். மேலே மொட்டைமாடி. மதுரைச் சித்திரை வெயிலைச் சொல்ல வேண்டுமா? பகலில் பரணில் 41 டிகிரி, இரவில் இறங்கிவிடும். உள்ளே காற்று விரிந்து சுருங்கி, பழைய ஜாம் பாட்டில் மூடி தளர்ந்துவிட்டது. ஆடியில் பார்த்தால் சருகு, வாசனையே இல்லை. பயந்துபோய் அடுத்த பாட்டிலில் தண்ணீர் தெளித்தேன். பூசணம் பூத்தது. மொத்தமும் குப்பைக்கு.

வேடசந்தூர்ப் பக்கம் வெற்றிலைப் புகையிலையைக் கருப்பட்டித் தண்ணீர் தெளித்துப் பாடம் போடுவதைச் சின்ன வயதில் பார்த்தவன் நான். அந்த நினைப்பில்தான் தெளித்தேன். அது வேறு சரக்கு, வேறு பக்குவம். இதற்குப் பதம் தயாராகவே வரும்: கிள்ளினால் விரலில் ஒட்டக்கூடாது, அமுக்கினால் மெதுவாக எழ வேண்டும். அதற்குமேல் ஒரு சொட்டும் வேண்டாம்.

மற்ற இரண்டும் ரப்பர் வளையம் வைத்த திருகு மூடி. வெந்நீரில் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவைத்து, முக்கால் பாகம் நிரப்பி, துணியில் சுற்றிக் கீழ்வீட்டு உள்ளறை மர அலமாரியில் அடித்தட்டில் வைத்தேன். கோடையிலும் அங்கே 32 டிகிரிதான். "என்னடா, புகையிலைல ஊறுகாய் போட்டு வச்சிருக்க?" என்று அத்தை சிரித்தார்.

மூன்றாவதை 2023இல் திறந்தபோதே நாக்கைக் கடிக்கும் காரம் தணிந்திருந்தது. நேற்றைய பாட்டிலில் மூடி உள்பக்கம் இழுத்திருந்தது. அடைபட்ட காற்றிலிருந்த ஆக்சிஜன் செலவாகியிருக்கிறது. இலை கறுத்து, உலர்திராட்சை வாசனை. மேலே வெள்ளைப் புள்ளிகள். மறுபடி பூசணமோ என்று வயிறு கலங்கியது. டார்ச் அடித்து லென்ஸில் பார்த்தேன்: பஞ்சாக இல்லை, மணி மணியாக மின்னுகிறது. படிகம்தான்.

வர்ஜீனியாவில் சர்க்கரை அதிகம், அதனால் வருஷம் ஏற ஏறக் கனியும். புகையூட்டிய லட்டாக்கியா கலவையை இப்படிப் போட்டுவைக்க மாட்டேன். அதன் புகைவாசமே நாளாக ஆக மங்கிவிடும்.

காலி பாட்டிலை நார்த்தங்காய் போட அத்தை கேட்டார். மூன்று தடவை சோடா உப்புப் போட்டுக் கழுவியாகிவிட்டது, மூடியில் வாசனை போகவில்லை.