ஐஸ் கம்பெனி எதிரில்

மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள் மச்சான் என் கடைக்கு வந்து, பிரிண்டர் மேல் ஹெல்மெட்டை வைத்துவிட்டு, "மாப்ளை, தொண்டியில இருந்து மூக்கையூர் வரைக்கும் இருக்கிற ஐஸ் கம்பெனி போன் நம்பர் அம்புட்டும் வேணும். மேப்புல கிடக்கும்ல, எடுத்துக் குடு" என்றார். டீ வாங்கி வரச் சொல்கிற தோரணையில்தான் சொன்னார். அது மூன்று வாரத்தைத் தின்றது.

அவர் ராமநாதபுரத்தில் குளிர்சாதன மெக்கானிக். ஐஸ் கம்பெனிகளின் அமோனியா கம்ப்ரசருக்கு பெல்ட், வால்வு, ஆயில் சீல் மாற்றிக் கொடுக்கிற வேலை. எங்கள் பக்கம் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகும் வல்லமும் கடலுக்குப் போகும் என்பதால் ஐஸுக்குத் தேவை அடியோடு நின்றுவிடாது. ஆனாலும் உப்புத்தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, இயந்திரத்தைப் பிரித்துப் போட கம்பெனிக்காரர்களுக்குக் கிடைக்கிற ஒரே நேரம் அதுதான். தடை தொடங்குவதற்கு முன்பே போனில் பிடித்துவிட்டால் இரண்டு மாதம் வேலை ஓடும். அதுதான் மச்சான் கணக்கு.

நான் ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறேன். பட்டா, வில்லங்கச் சான்று, கல்லூரி விண்ணப்பம், இதுதான் பிழைப்பு. பாலிடெக்னிக்கில் படித்த பைத்தான் என்ற நிரல்மொழி கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்தத் தைரியத்தில் சரி என்றேன்.

எல்லோரும் செய்கிற தப்பைத்தான் முதலில் நானும் செய்தேன். கூகுள் மேப்பைத் திறந்து, தேடி, பட்டியலைக் கீழே தள்ளித் தள்ளி ஒவ்வொரு பெயரையும் அழுத்திப் போன் எண்ணை எடுக்கிற சின்ன நிரல், அதாவது ஸ்கிரிப்ட், ஒன்று எழுதினேன். கொஞ்ச நேரம் ஓடியது. அப்புறம் "நான் ரோபோ இல்லை" கட்டம் வந்தது. சிக்னல் விளக்கு உள்ள படங்களை எல்லாம் காட்டு என்று கேட்டது. நானும் காட்டினேன். மறுபடி கேட்டது. இரண்டாவது சுற்றில்தான் அவர்களுடைய விதிமுறைகளைப் படித்துப் பார்க்கத் தோன்றியது. இப்படி ஸ்கிரிப்ட் வைத்து மொத்தமாக அள்ளக் கூடாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. முறைப்படி எடுக்க ஏபிஐ, அதாவது நிரல்கள் தரவைக் கேட்டு வாங்குகிற வழி, இருக்கிறது. அதற்குச் சாவி வாங்க வேண்டும், கட்டணக் கணக்கில் கார்டு கொடுக்க வேண்டும். கொடுத்து வாங்கினாலும், இடத்தின் அடையாளக் குறியைத் தவிர மற்ற விவரங்களை நம் கோப்பில் சேமித்து வைக்கக் கட்டுப்பாடு உண்டு. மச்சானுக்கு வேண்டியதே சேமித்து வைக்கிற பட்டியல்தான். அந்தக் கதவைச் சாத்திவிட்டேன்.

அடுத்தது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், பொதுமக்களே சேர்ந்து வரைகிற உலக வரைபடம். 2004இல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், தரவை எடுத்துக்கொள்ளலாம். எடுத்ததை வெளியே பயன்படுத்தினால் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்று பெயர் போட வேண்டும். அந்தத் தரவில் கேள்வி கேட்க ஓவர்பாஸ் என்றொரு வசதி இருக்கிறது. இன்ன எல்லைக்குள் இன்ன அடையாளம் உள்ளதை எல்லாம் கொடு என்றால் கொடுத்துவிடும். போன் எண் வேண்டுமென்றால் 'போன்', 'கான்டாக்ட் போன்' என்று இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டும், ஆளுக்கு ஒரு இடத்தில் எழுதியிருப்பார்கள். இன்னொன்று, சில இடங்களைப் புள்ளியாகவும் சிலவற்றைக் கட்டடத்தின் வெளிக்கோடாகவும் வரைந்திருப்பார்கள். கட்டடத்துக்கு நடுப்புள்ளியைத் தனியாகக் கேட்டால்தான் தரும். இது தெரியாமல் முதல் நாள் பாதிப் பட்டியலைக் கோட்டை விட்டேன்.

ஐஸ் கம்பெனியை எப்படித் தேடுவது என்பதிலும் சிக்கல். ஒருவர் அதைத் தொழிற்சாலை என்று குறித்திருப்பார், இன்னொருவர் வெறும் கட்டடம் என்று விட்டிருப்பார். சரி, பெயரில் 'ஐஸ்' என்று இருப்பதை எல்லாம் எடு என்று எழுதினேன். ஆங்கிலத்தில் அந்த மூன்றெழுத்து, பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ எதுவானாலும் சரி என்று. பட்டியல் நீளமாக வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து படித்தார்.

"போலீஸ் ஸ்டேஷனுக்கு எதுக்கு மாப்ளை கம்ப்ரசர்?"

பார்த்தால் போலீஸ் ஸ்டேஷன், போஸ்ட் ஆபீஸ், வாட்டர் சர்வீஸ், ரைஸ் மில். ஆங்கில எழுத்தில் இவை எல்லாவற்றின் வாலிலும் 'ஐஸ்' தொங்குகிறது. தமிழிலும் போலீஸ், ஆபீஸ், சர்வீஸ் எல்லாம் ஐஸ் மாதிரியே 'ஸ்' என்று முடிகிறது என்பது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. தனிச் சொல்லாக வந்தால் மட்டும் எடு என்று பைத்தானில் வடிகட்டினேன். அப்புறம் ஐஸ்கிரீம் கடைகளைக் கழித்தேன். தமிழ்ப் பெயருக்கென்று தனி இடம் இருக்கிறது, அதிலும் 'ஐஸ்' என்று தேடச் சொன்னேன்.

எல்லை இன்னொரு கதை. ஓவர்பாஸுக்குச் சதுரக் கட்டம் கொடுக்கலாம்: தெற்கு, மேற்கு, வடக்கு, கிழக்கு என்ற வரிசையில் நான்கு எண்கள். தெற்கே 9.05, மேற்கே 78.4, வடக்கே 9.85, கிழக்கே தாராளமாக இருக்கட்டும் என்று 80. வந்த பெயர்களில் பல நல்ல தமிழில் இருந்தன, நான் சந்தேகப்படவில்லை. போன் எண்களை அடுக்கும்போது சில +94 என்று தொடங்கின. அது இலங்கை. தனுஷ்கோடி அரிச்சல்முனை 79.45இலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு அந்தப் பக்கம் என் கட்டம் தலைமன்னார், பேசாலை, நெடுந்தீவு, ஊர்காவற்றுறை எல்லாவற்றையும் வாரி அணைத்திருந்தது. எல்லை தாண்டியதற்கு எங்கள் ஊர்ப் படகைப் பிடிப்பார்கள். ஸ்கிரிப்ட்டை யாரும் பிடிக்கவில்லை.

கிழக்கே 79.5 என்று குறைத்துப் பார்த்தேன். வடமேற்கு மூலையில் மானாமதுரை வந்து உட்கார்ந்தது. எங்கள் கடற்கரை சாய்வாக ஓடுகிறது, சதுரத்துக்குள் அடங்காது. கடைசியில் கட்டத்தையே விட்டுவிட்டு, வரைபடத்தில் இருக்கிற ராமநாதபுரம் மாவட்ட எல்லையைக் கொடுத்து, அதற்குள் தேடு என்றேன். முதலிலேயே இதைச் செய்திருக்கலாம்.

வந்ததை வரைபடத்தில் போட்டுப் பார்த்தபோது ஒரு புள்ளிகூடக் கண்ணில் படவில்லை. திரையைச் சுருக்கிக்கொண்டே போனேன். இந்தியா போய், ஆசியா போய், உலகமே தெரிந்த பிறகு உச்சியில் எல்லாம் குவிந்து கிடந்தன: நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே, ஆர்க்டிக் கடலில். பாம்பன் அட்சரேகை 9.28, தீர்க்கரேகை 79.21. இடங்களின் புள்ளிகளை வைக்க நான் எழுதிய ஜியோஜேசன் வகைக் கோப்பில் தீர்க்கரேகை முதலில் வர வேண்டும். அட்சரேகையை முதலில் போட்டிருந்தேன். அதை மாற்றிப் படித்தால் வடக்கே 79 டிகிரி. மச்சானிடம் சொன்னேன். "அங்க ஐஸ் கம்பெனி வச்சா யாருக்கு விக்கிறது?" என்றார். இரண்டு எண்ணையும் இடம் மாற்றியதும் எல்லாம் பாம்பன், மண்டபம் பக்கம் வந்து இறங்கின.

போன் எண்களுக்கு ஒரு முழு ராத்திரி போனது. பட்டியலை எக்செல்லில் திறந்ததும் தமிழ்ப் பெயர் எல்லாம் கிறுக்கலாகிவிட்டது. கோப்பைச் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற முறையில், தொடக்கத்தில் அதற்கான முத்திரையோடு சேமித்தால் எக்செல் ஒழுங்காகப் படிக்கும். அதைவிட மோசம் எண்கள். 91 சேர்ந்த பன்னிரண்டு இலக்க எண்ணை '9.19இ+11' என்று சுருக்கிக் காட்டியது. ராமேசுவரம் லேண்ட்லைன் 04573 என்று தொடங்கும். எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் இருந்த பூஜ்யத்தைத் தின்றுவிட்டது. மிச்சம் சரியாகப் பத்து இலக்கம். பார்த்தால் அசல் செல்போன் எண் மாதிரியே இருக்கும். நம் ஊர்ச் செல்போன் எண் 6, 7, 8, 9 இவற்றில்தான் தொடங்கும். 4இல் தொடங்குகிற பத்து இலக்கம் வந்தால் பூஜ்யம் தொலைந்த லேண்ட்லைன் என்று வைத்துக்கொண்டு, ஸ்கிரிப்ட்டே அதைத் திருப்பி ஒட்டும்படி எழுதினேன். இந்த வேலையில் நான் உருப்படியாக எழுதிய வரி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அப்படிச் சரிசெய்த லேண்ட்லைன்களில் பாதி மணியே அடிக்கவில்லை, அது வேறு விஷயம்.

முகவரி இல்லாத இடங்களுக்கு நாமினாட்டிம் என்ற சேவையில் புள்ளியைக் கொடுத்து ஊர்ப் பெயர் வாங்கினேன். பொது சேவை அது. நொடிக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்கக் கூடாது, கேட்பது யார் என்று நிரல் தன் பெயரையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் ஒன்றரை நொடி தூங்கச் சொன்னேன். அதில் குறை ஒன்றும் இல்லை. ஊர்ப் பெயர்தான் கீழக்கரைக்கே ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் வந்தது. அதைக் கையால் திருத்தினேன்.

எல்லாம் முடிந்து நின்றது எவ்வளவு தெரியுமா? போன் எண்ணோடு இருந்த ஐஸ் கம்பெனிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். எண் இல்லாத பெயர்கள் இன்னும் கொஞ்சம். ஒன்று வெறும் பஸ் ஸ்டாப், பெயர் மட்டும் ஐஸ் கம்பெனி. முகவரிக்குள்ளும் தேடினேன். ஒரு டீக்கடை கிடைத்தது. முகவரி: 'ஐஸ் கம்பெனி எதிரில்'. கம்பெனி வரைபடத்திலேயே இல்லை.

மச்சான் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை வண்டியில போயிருவோம்" என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

இரண்டு ஞாயிறு சுற்றினோம். முதல் ஞாயிறு வடக்கே தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி. அடுத்த ஞாயிறு மண்டபம், பாம்பன், ராமேசுவரம். மூக்கையூர் பக்கம் மச்சான் தனியாகப் போய்வந்தார். ஸ்கிரிப்ட் கொடுத்த புள்ளிகள் வழியை முடிவு செய்ய உதவின, அதை மறுக்க மாட்டேன். ஆனால் எண் கிடைத்தது எல்லாம் கேட்டில். இரும்புக் கதவில் மஞ்சள் பெயின்ட்டில் கம்பெனி பெயர், கீழே செல் எண். கடல் காற்று பெயின்ட்டைச் சும்மா விடுமா? பாம்பனில் ஒரு கதவில் கடைசி இலக்கம் துருவோடு உதிர்ந்து போயிருந்தது. உள்ளே கிரஷரில் ஐஸ் பாரை உடைத்துக்கொண்டிருந்த பையன் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னான், அதுவும் காதில் விழவில்லை. தரையில் சிதறிக் கிடந்த ஐஸ் தூளில் விரலால் 'ரெண்டு' என்று எழுதிக் காட்டினான்.

போர்டில் வெளியே எழுதிவைத்த எண்ணை மட்டும்தான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றினேன், அதையும் கேட்டுக்கொண்டுதான். ஒரு கணக்கப்பிள்ளை தன் சொந்த எண்ணைக் கொடுத்து, எப்ப வேண்டுமானாலும் கூப்பிடுங்க என்றார். அது மச்சான் நோட்டில் மட்டும் இருக்கிறது. மனிதர் இன்றைக்கு அங்கே வேலை பார்ப்பார், நாளைக்கு மாறிவிடுவார். உலகம் பூராவும் அவரைக் கூப்பிட வேண்டியதில்லை.

அந்த டீக்கடையையும் கண்டுபிடித்தோம். எதிரில் நிஜமாகவே ஐஸ் கம்பெனி. அமோனியா வாடை ரோடு வரை வந்தது. முதலாளி மேசையில் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தார். எண்ணைக் கொடுத்தார். தடைக்காலத்தில் இரண்டு கம்ப்ரசரையும் பிரிக்க வேண்டும், ஏப்ரல் 20க்கு மேல் வாங்க என்று மச்சானிடம் பேச்சும் முடித்துவிட்டார்.

"அண்ணாச்சி, மேப்புல போடணும், அட்ரஸ் சொல்லுங்க" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "டீக்கடைக்கு எதிர்லன்னு போட்டுக்கங்க தம்பி."

"தெருப் பேரு ஏதாவது இருக்குமே?"

பில் புக்கைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். கம்பெனி பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் அச்சடித்திருந்தது: ஐஸ் கம்பெனி ரோடு.

அதையே ஏற்றினேன்.