வின்ஸ்டனை விடுங்கள், பார்சன்ஸைப் பாருங்கள்

சர்வாதிகார அரசு, ஒட்டுக்கேட்கும் சுவர்கள், அதை எதிர்த்து நிற்கும் ஒற்றை ஆள். டிஸ்டோபியா நாவல் என்றாலே அந்த ஒற்றை ஆள்தான் ஞாபகத்துக்கு வருகிறார், படிக்கும்போது நாமும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் அவர் பக்கம் போய் நின்றுகொள்கிறோம், நானாக இருந்தாலும் எதிர்த்திருப்பேன் என்கிற நினைப்போடு. எனக்கு இதில் ரொம்ப நாளாகவே சந்தேகம். இந்த வகை நாவல்களில் அடங்கிப் போகிறவர்களைத்தான் எழுத்தாளர்கள் கூடுதல் கவனத்தோடு எழுதியிருக்கிறார்கள். நாம்தான் அவர்களைத் தாண்டிக் கதாநாயகனிடம் ஓடிவிடுகிறோம்.

1949இல் வெளிவந்த ஆர்வெல்லின் ‘1984’ நாவலில் பார்சன்ஸ் என்று ஒருவர் வருவார், கதாநாயகன் வின்ஸ்டனின் பக்கத்து வீட்டுக்காரர். வியர்த்து வழிந்துகொண்டு, ஆளும் கட்சி நடத்தும் வெறுப்பு வாரத்துக்குச் சந்தா வசூலிப்பார், கட்சி என்ன சொன்னாலும் வாயைப் பிளந்து கேட்பார். தன் குட்டிப் பெண் ஒரு ஆளை இரண்டு மணி நேரம் பின்தொடர்ந்துபோய் ரோந்துக்காரர்களிடம் பிடித்துக் கொடுத்ததை கேன்டீனில் உட்கார்ந்து பெருமையாகச் சொல்வார். அந்த ஆள் மேல் ஏன் சந்தேகம் வந்தது? அவன் போட்டிருந்த ஷூ வேறு மாதிரி இருந்ததாம். இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வின்ஸ்டன் மனதுக்குள் ஒரு கணக்குப் போடுகிறான்: தன்னையும் பார்சன்ஸின் மனைவியையும் இன்னும் சிலரையும் ஒருநாள் இல்லாமல் ஆக்கிவிடுவார்கள், ஆனால் பார்சன்ஸை யாரும் தொடமாட்டார்கள்.

அந்தக் கணக்கு தப்பு. பின்னால் அன்பு அமைச்சகத்தின் சிறையில் வின்ஸ்டன் இருக்கும் அறைக்குள்ளேயே பார்சன்ஸைக் கொண்டுவந்து தள்ளுகிறார்கள். என்ன குற்றம் என்றால், தூக்கத்தில் கட்சித் தலைவரைப் பற்றி ‘பெரியண்ணன் ஒழிக’ என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். சாவித்துவாரத்தில் காது வைத்துக் கேட்டு மறுநாளே போய்ச் சொன்னது, அதே பெண். ஏழு வயது! அப்பாவுக்கு அவள் மேல் கோபமே இல்லை, நல்லபடியாக வளர்த்திருக்கிறேன் என்று பெருமைதான். நிரபராதியைக் கட்சி கைது செய்யுமா என்று வேறு கேட்கிறார், நல்லவேளை முற்றுவதற்குள் காப்பாற்றினார்கள் என்று நன்றி சொல்லவும் தயாராக இருக்கிறார்.

எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் சிரிப்பு வந்துவிடும், அப்புறம் வயிற்றைப் பிசையும். விழித்திருக்கிற நேரமெல்லாம் ஒருவர் முழுசாக அடங்கிப் போயிருக்கிறார், தனக்குள்ளே எதிர்ப்பு என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது, ஆனாலும் அது தூங்கும்போது வாய்வழியே வந்துவிடுகிறது. டைரி, காதல், ரகசிய அறை என்று எல்லாம் செய்து பார்த்த வின்ஸ்டனும் கடைசியில் அதே அறையில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

சரி, அந்த வின்ஸ்டனாவது சுத்தமான கிளர்ச்சிக்காரனா என்றால், அதுவும் கிடையாது. உண்மை அமைச்சகத்தில் பழைய செய்திகளைத் திருத்துவது அவன் வேலை. அந்த வேலை அவனுக்குப் பிடித்திருக்கிறது, வாழ்க்கையில் அவனுக்கு இருக்கிற பெரிய சந்தோஷமே அதுதான் என்று ஆர்வெல் எழுதியே விட்டார். ரகசிய டைரி எழுதத் தொடங்கிய பிறகும் ஆபீஸுக்குப் போய் ஓகில்வி என்று இல்லாத ஒரு வீரனை உட்கார்ந்து உருவாக்குகிறான். அந்த வீரன் சின்ன வயதில் செய்த சாதனைகளில் ஒன்று, பதினோரு வயதில் தன் சொந்த மாமாவை, மனதில் நினைப்பதையே குற்றமாகப் பிடிக்கும் எண்ணக் காவல்துறையிடம் காட்டிக் கொடுத்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து நடுங்குகிற அதே மனிதன், அந்த மாதிரிப் பிள்ளைகள் படித்து வளர்வதற்கான முன்மாதிரியை ரசித்து ரசித்து எழுதுகிறான். இதை நாவல் நமக்குச் சுட்டிக்காட்டுவதில்லை, போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

மார்கரெட் அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ (1985) இதில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் வரும் மதவாத அரசு நடத்தும் ஒரு தண்டனைச் சடங்கில், விசில் ஊதியதும் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு ‘குற்றவாளியை’ வெறும் கையால் அடித்துக் கொல்ல வேண்டும். முதலில் பாய்ந்துபோய் அவன் தலையில் மாறிமாறி உதைப்பவள், ரகசிய எதிர்ப்புக் குழுவில் இருக்கும் ஆஃப்க்ளென். கதை சொல்லும் பெண் அருவருத்துப் போகிறாள். பிறகுதான் ஆஃப்க்ளென் சொல்கிறாள்: அவன் நம்ம ஆள், வலி தெரியாமல் இருக்கட்டும் என்று மயங்கடித்தேன். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அங்கே அரசின் மேல் அதிக விசுவாசம் உள்ளவளாகத் தெரிந்தது அவள்தான். அடுத்து நடப்பது எனக்கு இதைவிட முக்கியம். ஆஃப்க்ளென் பிடிபடுவதற்கு முன் தூக்குப் போட்டுக்கொள்கிறாள். அதைக் கேட்டதும் கதை சொல்லும் பெண்ணுக்கு முதலில் வருவது நிம்மதி, இனி தன் பெயர் வெளியே வராது என்கிற நிம்மதி. என்ன வேண்டுமானாலும் செய்கிறேன், சொன்னபடி கேட்கிறேன் என்று கடவுளிடம் கெஞ்சத் தொடங்கிவிடுகிறாள். இதை எழுத அட்வுட்டுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன், ஏனென்றால் வாசகர் அவளை வெறுத்துவிடலாம். நான் வெறுக்கவில்லை.

ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ பெர்னார்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்களைவிடக் குள்ளம் என்கிற கடுப்பில் புரட்சி பேசியவர், நாலு பேர் மதிக்க ஆரம்பித்ததும் அரசின் மேலிருந்த குறையெல்லாம் அவருக்குக் கரைந்துவிடுகிறது. இப்படி நிறையப் பேர்.

எனக்கு இன்னும் தீராத ஆசை ஒன்று உண்டு. பார்சன்ஸின் மனைவியை ஒரே ஒரு காட்சியில் காட்டிவிட்டு ஆர்வெல் கைகழுவிவிட்டார். அடைத்துக்கொண்ட சிங்க், முப்பது வயதுக்கு மீறிய முகம், தூக்குப் போடுவதைப் பார்க்கக் கூட்டிப் போகவில்லை என்று வீட்டைத் தலைகீழாக்கும் இரண்டு பிள்ளைகள், அவர்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பேசும் அம்மா. கணவர் கைதான பிறகு, காட்டிக் கொடுத்த மகளோடு அதே வீட்டில் அவர் எப்படி இருந்தார், அந்தப் பிள்ளைக்குத் தலைவாரிவிட்டாரா, இரவில் தூங்கினாரா, தூங்கினால் வாயை எப்படி மூடி வைத்துக்கொண்டார் என்பதையெல்லாம் யாராவது ஒரு நாவலாக எழுதினால் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன். அதில் கிளர்ச்சிக்காரர் ஒருவர்கூட வேண்டாம்.