எனக்க பென்டிரைவ ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது

போன மாசம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், நல்ல மழை, தக்கலை பக்கத்துல எங்க ஊர்ல கரண்ட் போயி ரெண்டு மணி நேரம் இருக்கும், அப்பா சட்டைப்பையில இருந்து ஒரு பென்டிரைவ எடுத்து மேசையில வச்சாரு. சிவப்பு நூல் கட்டின பென்டிரைவ். தொலைஞ்சிரக் கூடாதுன்னு நூலோட மறுமுனைய சட்டைப் பித்தான்ல கட்டிக்கிட்டு நடப்பாரு, நாங்க சிரிப்போம்.

"மக்களே, இதுலதான் ஏலாவுக்க லிஸ்ட் கிடக்கு. நாளைக்கு காலத்த கூட்டத்துக்கு கொண்டு போணும். எடுத்துத் தா."

ஏலான்னா வெளியூர்க்காரங்களுக்கு தெரியாது. எங்க பக்கத்துல வயல்வெளிய அப்படித்தான் சொல்லுவோம், ஒரு குளத்துத் தண்ணி பாயிற மொத்த வயலும் சேர்ந்து ஒரு ஏலா. அப்பா ரிட்டயர்டு வாத்தியார், ஏலா சங்கத்துக்கு ரொம்ப வருசம் செகரட்டரியா இருந்தவரு, எந்த சர்வே நம்பர்ல யாருக்கு எத்தன சென்டு, எந்த மடையில இருந்து தண்ணி, எல்லாத்தையும் 2004ல இருந்து ஒத்த விரல்ல தட்டித் தட்டி டைப் பண்ணி வச்சிருக்காரு. இப்போ அந்த வயல்ல பாதி வாழை, கொஞ்சம் தென்னை, மீதி வீடு. ஆனா லிஸ்ட் லிஸ்ட்தான், கூட்டத்துல யாராவது எல்லைத் தகராறுன்னு எழும்பினா அப்பா அந்த பேப்பரத்தான் விரிப்பாரு.

எனக்கு ஒரு கஷ்டமும் தோணல. டேப்லட் இருக்கு, பென்டிரைவ டேப்லட்ல சொருகுற ஓடிஜி வயர் இருக்கு, அஞ்சு நிமிசம்னு நெனச்சேன். (லேப்டாப் ஒண்ணு இருந்துது, மடக்குற இடம் ஒடிஞ்சு போச்சு, டேப்லட் வாங்கின ஜோர்ல அத ஆக்கர் கடையில, பழைய சாமான் எடுக்குற கடையில, தூக்கிக் குடுத்தேன். அன்னைக்கு என் பெஞ்சாதி சொன்னா, வேண்டாம் கிடக்கட்டும்னு. கேக்கல.)

பென்டிரைவ சொருகினேன். மேல ஒரு அறிவிப்பு வந்துது. இந்த டிரைவ படிக்க முடியல, அமைக்கணும்னா தட்டுன்னு. தட்டினா அடுத்த திரையில பெரிய பட்டன், ஃபார்மட். அப்பா தோளுக்கு மேல எட்டிப் பாத்துக்கிட்டு "அமுக்கு மக்களே, கேக்குதுல்லா" ங்காரு. எனக்க பெருவிரல் அந்த பட்டனுக்கு ஒரு அங்குலம் மேல நிக்குது. இருவது வருசத்து ஏலா, மொத்தமா ஒரு தட்டுல போயிருக்கும். பைய வயர உருவினேன்.

காரணம் பின்னாடிதான் ஓர்மை வந்துது, நான் பண்ணின வேலைதான். எங்க கல்யாண வீடியோ ஒரே ஃபைலா 6 ஜிபி இருந்துது. பென்டிரைவுக்குள்ள ஃபைல அடுக்கி வைக்க ஒவ்வொரு முறை உண்டு. பழைய பென்டிரைவ் எல்லாம் ஃபேட்32ங்கிற முறை, அதுல ஒத்த ஃபைல் 4 ஜிபிய தாண்டக் கூடாது, ஏறாது. அதனால லேப்டாப்ல வச்சு என்டிஎஃப்எஸ்ங்கிற இன்னொரு முறைக்கு மாத்தினேன், அப்பாவுக்க ஃபைல் எல்லாத்தையும் திருப்பி அதுக்குள்ள போட்டேன். விண்டோசுக்கு அது தாய்மொழி மாதிரி. ஆனா ஆண்ட்ராய்டு டேப்லட் நெறய என்டிஎஃப்எஸ்ஸ படிக்காது. செரி, படிக்கத் தெரியாது, குத்தமில்ல. ஆனா "எனக்கு இத படிக்கத் தெரியல"ன்னு சொல்லிட்டு சும்மா இருக்கலாம்லா? தெரியாத பாஷையில ஒரு புஸ்தகத்த குடுத்தா "கிழிச்சிப் போட்டிரவா"ன்னா கேப்பீங்க? விஷயம் தெரியாத ஒரு அம்மச்சி கையில இந்த டேப்லட் இருந்திருந்தா அமுக்கியிருப்பாங்க, கேட்டியளா.

அப்புறம் ஒரு வழி தோணிச்சு. இதே லிஸ்ட சித்தப்பா பையனுக்கு எப்பவோ வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தேன். அத தேடிப் பிடிச்சுத் திறந்தா திறக்குது! டேபிள் இருக்கு, கட்டம் இருக்கு, நம்பர் எல்லாம் செரியா இருக்கு. பேரு இருக்க வேண்டிய இடத்துல மட்டும் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் கமாவும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டுக்கிட்டு கிடக்கு.

அப்பா டைப் பண்ணுறது பாமினி ஃபாண்ட்ல. எந்த மெஷின்லயும் தமிழ் தமிழாவே தெரியுற யூனிகோட் எல்லாருக்கும் பழகுறதுக்கு முன்னாடி தமிழ்ல டிடிபி பண்ணின பெரும்பாலான ஆட்களுக்கு பாமினி இல்லன்னா அது மாதிரி இன்னொண்ணுதான். அதுல உண்மையில சேமிக்குறது தமிழ் எழுத்தே இல்ல. ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, இந்த அஞ்சையும் வரிசையா அடிச்சு மேல பாமினி ஃபாண்ட்ட போத்தினா "தமிழ்"னு தெரியும். போர்வைய உருவினா வெறும் ஜே கே பி ஓ. இப்படி எத்தன ஆயிரம் கல்யாண பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் மலர், சங்கத்துக்க வரவு செலவு கிடக்குன்னு நெனச்சுப் பாருங்க.

செரி, ஃபாண்ட்டுதானே, போட்டா போச்சு. கம்ப்யூட்டர்னா ஃபைல டபுள் கிளிக் பண்ணி இன்ஸ்டால்னு அமுக்கினா முடிஞ்சுது. டேப்லட்ல? ஃபாண்ட டவுன்லோட் பண்ணினேன், தட்டினேன், "இத திறக்க ஆப் எதுவும் இல்ல"ங்குது. ஆண்ட்ராய்டுல சிஸ்டம் ஃபாண்ட் எல்லாம் கிடக்குற ஃபோல்டர் பூட்டினது, நம்ம கை போகாது. ரூட் பண்ணணும், அதாவது பூட்ட உடைச்சு முழு அதிகாரத்த எடுக்கணும், பண்ணினா பேங்க் ஆப் பலது பிணங்கும். சில கம்பெனி செட்டிங்ஸ்ல ஃபாண்ட் மாத்த விடும், அதுவும் அவன் கடையில இருக்கதுல ஒண்ண எடுத்துக்கன்னுதான். ஐபேடுல 2019ல இருந்து ஆப் வழியா வெளி ஃபாண்ட் போட விடுறாங்க, அதயும் சொல்லிரணும். ஆனா அதே ஐபேடுக்கு 2010ல வந்ததுல இருந்து சொந்த கால்குலேட்டர் 2024ல தான் வந்துது. பதினாலு வருசம். கல்ஃப்ல இருந்து மச்சான் கொண்டு வந்தத பாத்து நான் வாய் பொளந்தப்ப "இதுல கணக்கு மட்டும் போடக் கூடாது அளியா"ன்னு அவனே சிரிச்சான்.

இங்க ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். பூட்டு எதுக்குன்னு எனக்குத் தெரியும். ஆண்ட்ராய்டுல ஒவ்வொரு ஆப்பும் உள்ளுக்குள்ள லினக்ஸ்ல தனித்தனி யூசர் மாதிரி, ஒருத்தன் ரூமுக்குள்ள இன்னொருத்தன் போக முடியாது. முன்னாடி ஒரு டார்ச் லைட் ஆப் போட்டா அது மெமரி கார்டு முழுக்க படிக்கிறேன்னு பெர்மிசன் கேக்கும், நாமளும் குடுப்போம். அத நிறுத்தத்தான் 2019ல ஆண்ட்ராய்டு 10ல புது முறைய ஆரம்பிச்சு 2020ல 11ல இறுக்கிப் பிடிச்சாங்க, ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள்ள டேட்டா ஃபோல்டர வேற ஃபைல் மேனேஜர் தொடவே முடியாதுன்னு ஆச்சு. திருட்டு ஆப்ப பூட்டினது கொள்ளாம், நல்ல காரியம். எனக்குள்ள தாங்கல் என்னன்னா, அதே பூட்டு எனக்கும்தான். ஆப்புக்கும் ஓனருக்கும் வித்தியாசம் தெரியாத பூட்டு. "நான் வீட்டுக்காரன்டே"ன்னு சொல்ல ஒரு இடம் கூட வைக்கல. பெருசா ஒரு எச்சரிக்கை போடு, மூணு தரம் பாஸ்வேர்டு கேளு, கேட்டுட்டு விடு.

அப்பா இத வேற மாதிரி சொன்னாரு. "எனக்க புஸ்தகத்த எனக்க அலமாரியில வைக்க இவன்கிட்ட எதுக்குலே கேக்கணும்?"

அதுக்கு எனக்கு பதில் இல்ல.

மணி ஏழு தாண்டிச்சு. பாமினிய யூனிகோடா மாத்துற கன்வெர்ட்டர் நெட்ல இருக்குல்லா, அத பாப்போம்னு போனேன். கரண்ட் இல்லன்னா எங்க ஊர்ல டவரும் ஒரு கோடுதான் காட்டும், பக்கம் சுத்திச் சுத்தி வந்துது. டேபிள காப்பி பண்ணி ஒட்டினா கட்டம் எல்லாம் காணல, பேரும் சென்டும் ஒரே நீளமா ஒழுகுது. அதுல அப்பா இடையில இடையில இங்கிலீஷும் அடிச்சிருக்காரு, வெஸ்ட், ஈஸ்ட், பஞ்சாயத்து ரோடுன்னு, கன்வெர்ட்டருக்கு அது இங்கிலீஷா பாமினியான்னு எப்படித் தெரியும், எல்லாத்தையும் தமிழாக்கிட்டு. மேற்கு எல்லைன்னு இருக்க வேண்டிய இடத்துல வாயில நுழையாத ஒரு சொல்லு. இது அந்த கன்வெர்ட்டர் மேல தப்பில்ல. ஒரு தமிழ் ஃபைல திறந்து பாக்க இத்தன கடல் தாண்டணுமான்னுதான் எரிச்சல்.

"நீ அத விடு. நான் சொல்லுகேன், நீ புதுசா அடி" ன்னாரு அப்பா. அவருக்கு பாதி லிஸ்ட் மனப்பாடம். செரின்னு வாய்ஸ் டைப்பிங் போட்டேன். தமிழ் வாய்ஸ் டைப்பிங் இப்போ உண்மையிலேயே நல்லா இருக்கு, நான் தெனமும் உபயோகிக்கேன், ஆனா அது பழகின தமிழ் எங்க அப்பாவுக்க தமிழ் இல்ல போல. "ஏலா"ன்னா ஏலக்காய். "மேல மடை"ன்னா மேல மழை. "கீழ மடை"ன்னா கீழ மழை. மேலயும் மழை கீழயும் மழை, வெளிய பாத்தா அதுவும் உண்மைதான், அம்மா அடுக்களையில நின்னு சிரிச்சுக்கிட்டே "ஏலக்காய்க்கு எத்தன சென்டு?"ங்காங்க. அப்பாவுக்கு கோவம் வந்துட்டு.

கடைசியா ரெக்கார்ட் பண்ணலாம்னு முடிவு. அவர் சொல்லட்டும், ராத்திரி கேட்டுக்கேட்டு நான் அடிச்சிருவேன். ரெக்கார்டர் ஆப்ப ஆன் பண்ணி, சார்ஜ் கம்மியா இருந்ததால திரைய அணைச்சு, மெழுகுவர்த்தி பக்கத்துல வச்சேன். அப்பா கண்ண மூடிக்கிட்டு ஆரம்பிச்சாரு. நம்பரோட நிக்கல, ஒவ்வொரு வயலுக்கும் ஒரு கதை. புத்தனார் கால்வாய்ல தண்ணி வராத வருசம் குளத்துல மீன் பிடிச்சது, எந்த வரப்புல யாருக்க தாத்தா மண்வெட்டிய தூக்கிக்கிட்டு வந்தாரு, எந்த வயல்ல பெண் பிள்ளைக்கு சீதனமா ஏழு சென்டு போச்சு, அது ஏன் ஏழாச்சு, எட்டு ஏன் ஆகல. நான் இதுவரைக்கும் கேக்காத கதைங்க. முக்கால் மணி நேரம் பேசியிருப்பாரு.

திரைய ஆன் பண்ணினேன். ரெக்கார்டிங் 6 நிமிசம் 12 செகண்ட்.

மத்தத எல்லாம் "பேட்டரி சேமிக்க" டேப்லட் கொன்னுட்டு. திரை அணைஞ்சு கிடந்தா பின்னாடி ஓடுற வேலைய ஒதுக்குற பழக்கம் ஆண்ட்ராய்டுல 2015ல 6ம் வெர்சன்ல வந்துது, 2017ல 8ல இன்னும் கட்டுப்பாடு. அதாவது பரவாயில்ல, அதுக்கு ஒரு முறை இருக்கு, ரெக்கார்டிங் மாதிரி வேலைன்னா மேல ஒரு அறிவிப்பு காட்டிக்கிட்டு ஓடலாம். ஆனா அதுக்கு மேல டேப்லட் கம்பெனிக்காரன் தன் பங்குக்கு ஒரு வெட்டுக்கத்தி வச்சிருக்கான். எந்த கம்பெனின்னு நான் சொல்லல, எந்தெந்த கம்பெனி எந்த அளவுக்கு ஆப்ப கொல்லுதுன்னு ரேங்க் போட்டு வச்சிருக்க ஒரு வெப்சைட்டே இருக்குன்னா பாத்துக்கிடுங்க. செட்டிங்ஸ்ல பேட்டரிக்குள்ள போயி, ஆப்புக்குள்ள போயி, "கட்டுப்பாடு இல்ல"ன்னு மாத்தி வச்சிருக்கணுமாம். அத முன்னாடியே யாரு சொன்னா? எனக்க டேப்லட்டுக்கு அப்டேட் வேற ரெண்டு வருசத்தோட நின்னு போச்சு.

அப்பாகிட்ட சொல்ல தைரியம் வரல. "எல்லாம் பதிஞ்சுதாடே?"ன்னு கேட்டாரு. "பதிஞ்சுது"ன்னேன். அது இன்னைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லிராதீங்க. அந்த ஏழு சென்டு கதைய இன்னொரு நாள் வேற சாக்கு சொல்லித் திருப்பிக் கேக்கணும். ஆனா அன்னைக்கு மழையில, கண்ண மூடிக்கிட்டு சொன்ன மாதிரி சொல்லுவாரான்னு தெரியல.

மறுநாள் காலத்த எட்டரைக்கு தக்கலையில ஒரு நெட் சென்டர். பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர், கீபோர்டுல எழுத்து பாதி அழிஞ்சிருக்கு. கடைத் தம்பி பென்டிரைவ வாங்கினான், நூல பாத்து ஒரு சிரிப்பு, சொருகினான். டிங்குன்னு ஒரு சத்தம். டபுள் கிளிக். லிஸ்ட் அப்படியே நிக்குது, பாமினில, கட்டத்தோட, அப்பா 2011ல கடைசியா திருத்தின மாதிரியே. நாலு பக்கம் பிரிண்ட், இருவது ரூபாய். சாயா குடிக்குற நேரம் கூட ஆகல.

"அங்கிள், இத பிடிஎஃப் போட்டு மெயில்ல அனுப்பட்டா? டேப்ல கிடக்கும்லா" ன்னான் தம்பி, எனக்க கையில இருந்த டேப்லட்ட பாத்து. அப்பா பேப்பர ஒவ்வொண்ணா முகத்துக்கு கிட்ட கொண்டு போயி பாத்துக்கிட்டிருந்தாரு, மூணாவது பக்கத்துல ஒரு சர்வே நம்பர பேனாவால அடிச்சு மேல செரியா எழுதினாரு.

"அதுல போடாண்டாம்டே."

நான்தான் அவர் திரும்பினப்பறம் பிடிஎஃப் வாங்கிக்கிட்டேன். வெளிய வந்தா திருப்பியும் மழை. பைக்ல ரெண்டு பேரும், பேப்பர எங்க வைக்கன்னு தெரியல. டேப்லட்டுக்கு நானூறு ரூபாய் குடுத்து வாங்கின கவர் இருக்குல்லா, நல்ல கெட்டி, தண்ணி போகாது. அப்பா டேப்லட்ட உருவி எனக்க கையில தந்துட்டு நாலு பக்கத்தையும் மடிக்காம அதுக்குள்ள வச்சு ஜிப்ப இழுத்து மூடினாரு. டேப்லட்ட நான் சட்டைக்குள்ள சொருகிக்கிட்டு வண்டிய எடுத்தேன்.