நாற்பத்தாறு நாளும் ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடாவும்

நேற்று இரவு பத்து மணிக்கு இரண்டு சோதனைக் குழாய்களை வெள்ளைத் தாளின்மேல் நிறுத்திப் பார்த்தேன். அம்மோனியா குழாய் எலுமிச்சை மஞ்சளாகவும் நைட்ரைட் குழாய் வெளிர்நீலமாகவும் இருந்தன; இரண்டுமே பூஜ்யத்தின் நிறம். முந்தின இரவு அதே நேரத்தில் 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம், அளவுக்கு அம்மோனியா சேர்த்திருந்தேன். ஒரே நாளில் அது மிச்சமின்றி நைட்ரேட்டாக மாறிவிட்டது. மீன் கழிவிலிருந்து வரும் நச்சு அம்மோனியாவை ஃபில்டரில் வளரும் பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும்; அது நடந்தால்தான் தொட்டி மீனுக்குத் தயார். என் முதல் நன்னீர்த் தொட்டி இந்த நிலைக்கு வர நாற்பத்தாறு நாள் பிடித்தது. அவற்றில் பதின்மூன்று நாள் என்னுடைய அறியாமையால் வீணாயின. தொட்டி வைப்பது எப்படி என்பதை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பதால், அந்தப் பதின்மூன்று நாளைப் பற்றியே பெரும்பாலும் எழுதுகிறேன்.

தொட்டி 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 36 செ.மீ. உயரமும் கொண்டது, மணலும் கட்டையும் போக 55 லிட்டர் தண்ணீர் பிடிக்கிறது. ஆயர் ஈத்தாமில் பதினொன்றாவது மாடியில், கூடத்தின் சுவரோரமாக வைத்திருக்கிறேன். பினாங்கில் தண்ணீர் தானாகவே 29, 30 டிகிரியில் நிற்பதால் சூடேற்றி வாங்கவில்லை. ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டர், பின்கண்ணாடியில் தொங்கும் சிறிய ஃபில்டர் ஒன்று, அதற்குள் பீங்கான் வளையங்கள். மணலுக்கு மீன் கடையில் சொன்ன விலையைக் கேட்டு மலைத்துப்போய், நீச்சல் குளத்து ஃபில்டருக்குப் போடும் சிலிக்கா மணலை 25 கிலோ மூட்டையாக வாங்கி, எட்டுத் தடவை கழுவிப் போட்டேன். மிச்சம் இன்னும் பால்கனியில் கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் வந்து அள்ளிக்கொண்டு போகலாம்.

தொட்டி வாங்கிய கடையின் தவுக்கே, அதாவது முதலாளி, தண்ணீரை நிரப்பி, ஆன்டி-குளோரின் என்ற பெயரில் விற்கும் தயோசல்பேட் படிகத்தைப் போட்டு, மறுநாளே மீனை விடலாம் என்றார். எங்கள் கட்டடத்தின் நான்காவது மாடியில் பத்து ஆண்டுகளாகக் கப்பி வளர்க்கும் அண்ணனும், "தம்பி, ரெண்டு நாள் தண்ணிய வச்சிட்டு மீனப் போடுங்க லா, இதுக்கு எதுக்கு இவ்வளவு கணக்கு?" என்றார். அவர் வளர்ப்பது பெரிய சிமென்டுத் தொட்டியில், பாசியும் செடியும் மண்டிய தண்ணீரில், நான்கைந்து மீனில் தொடங்கியது. அங்கே அவர் சொல்வது சரிதான். எனக்கோ செடி இல்லாத புதுத் தொட்டியில் ஒரே நாளில் பத்து மீன் விட வேண்டும். அதனால் மீன் இல்லாமலேயே பாக்டீரியாவை வளர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அம்மோனியாவுக்கு நான் பயன்படுத்தியது நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் பயன்படுத்திய அதே பொருள்தான். இறால் துண்டைப் போட்டு அழுக விடும் வழியும் உண்டு. ஆனால் கூடத்தில் அந்த நாற்றத்தை என் மனைவி ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டார், எவ்வளவு அம்மோனியா சேர்ந்தது என்ற கணக்கும் தெரியாது. 55 லிட்டருக்கு 2 பிபிஎம் வேண்டுமென்றால் 0.35 கிராம் நவச்சாரம் போதும். வீட்டுத் தராசில் அதை நிறுக்க முடியாது என்பதால், 7 கிராமை 200 மில்லி தண்ணீரில் கரைத்து ஒரு போத்தலில் வைத்துக்கொண்டேன். அதிலிருந்து ஊசியில்லாத சிரிஞ்சால் எடுக்கும் 10 மில்லி ஒரு தவணை. போத்தலின்மேல் மண்டையோடு வரைந்து ஒட்டியதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பார்ப்பதற்கு அது சாதாரணத் தண்ணீரைப் போலவே இருக்கிறது.

முதல் தவணை பதினொன்றாம் நாள் தீர்ந்தது. இரண்டாவது தவணைக்கு நான்கு நாள், மூன்றாவதற்கு மூன்று நாள். நைட்ரைட் குழாய் அடர்ந்த ஊதாவாக மாறி, அட்டையின் கடைசிக் கட்டமான 5 பிபிஎம்மில் போய் நின்றது. எல்லாம் புத்தகத்தில் சொன்னபடியே நடக்கிறது என்ற பூரிப்பில், பதினெட்டாம் நாள் நான்காவது தவணையை ஊற்றிவிட்டு, வார இறுதிக்குள் மீன் வந்துவிடும் என்று வீட்டில் அறிவித்தும்விட்டேன்.

அதன்பின் எதுவும் அசையவில்லை. பத்தொன்பதாம் நாள் அம்மோனியா 2 பிபிஎம். இருபத்திரண்டாம் நாளும் 2. இருபத்தைந்தாம் நாளும் அதே பச்சை. இந்த அம்மோனியா சோதனையின் நிறங்கள் ஏற்கெனவே ஒரு தொல்லை: விளக்கு வெளிச்சத்தில் நான் மஞ்சள் என்பதை மனைவி பச்சை என்பார், காலையில் சன்னலோரம் பார்த்தால் இருவரும் சொன்னது தவறாக இருக்கும். எனவே முதலில் சோதனைப் பெட்டியின்மேல் சந்தேகப்பட்டேன். பிறகு குளோரின்மேல் சந்தேகப்பட்டு மறுபடியும் படிகத்தைப் போட்டேன். அதற்கும் பிறகு ஆக்சிஜன் போதவில்லை என்று நினைத்துக் காற்றுப் பம்பையும் அதன் கல்லையும் மாற்றினேன்; சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்பதால் அந்தச் சந்தேகத்திலாவது கொஞ்சம் நியாயம் இருந்தது. கடைசியில், போத்தலில் அடைத்த பாக்டீரியா என்று ஒன்றை 28 ரிங்கிட் கொடுத்து வாங்கி ஊற்றினேன். தண்ணீர் இரண்டு நாள் கலங்கியது, அவ்வளவுதான். அந்தக் காசுக்கு மூன்று வேளை நாசி கண்டார் சாப்பிட்டிருக்கலாம்.

முப்பத்தொன்றாம் நாள், வேறு எதையும் சோதிக்க மிச்சமில்லாததால்தான் பி.எச். என்ற அமில-கார அளவைப் பார்த்தேன். தொடங்கிய நாளில் குழாய்த் தண்ணீர் 7.2 காட்டியதால் அதற்குப் பிறகு அந்தப் போத்தலை நான் தொடவே இல்லை. இப்போது குழாய் மஞ்சளாக நின்றது. அந்தச் சோதனையில் மஞ்சள்தான் கடைசிக் கட்டம், 6.0, உண்மையில் அதற்கும் கீழே எங்கே இருக்கிறது என்று அது சொல்லாது. உடனே கே.எச். எனப்படும் கார்பனேட் கடினத்தன்மையை, அதாவது அமிலத்தைத் தாங்கத் தண்ணீரில் உள்ள கையிருப்பைப் பார்த்தேன். ஒவ்வொரு சொட்டாக விட்டு, நீலம் எத்தனையாவது சொட்டில் மஞ்சளாகிறது என்று எண்ண வேண்டும்; ஒரு சொட்டுக்கு ஒரு புள்ளி. நீலமே வரவில்லை, முதல் சொட்டிலேயே மஞ்சள். அதே கையோடு சமையலறைக் குழாயில் பிடித்துச் சோதித்தேன். இரண்டு சொட்டு.

அந்த இரண்டு சொட்டில்தான் எல்லாம் இருந்தது. அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் பாக்டீரியா அந்த வேலையில் அமிலத்தை வெளியிடுகிறது. அம்மோனியாவில் உள்ள நைட்ரஜன் ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் ஏறத்தாழ 7 மில்லிகிராம் காரத்தன்மை, அதாவது அந்தக் கே.எச். கையிருப்பு, கால்சியம் கார்பனேட் கணக்கில் செலவாகிறது. என்னுடைய ஒரு தவணை லிட்டருக்கு ஏறத்தாழ 12 மில்லிகிராமைத் தின்றுவிடும். கே.எச். 2 என்றால் கையிருப்பு லிட்டருக்கு 36 மில்லிகிராம்தான். மூன்று தவணைக்கு 36. நான்காவது தவணையில் ஏன் நின்றது என்று பதின்மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விக்கு, ஒரு துண்டுத் தாளில் மூன்று வரிக் கூட்டல் கணக்கே விடையாக இருந்தது. காரத்தன்மை தீர்ந்தவுடன் பி.எச். சரிந்திருக்கிறது; பி.எச். சரிந்த தண்ணீரில் அம்மோனியா ஏறக்குறைய முழுவதும் அம்மோனியமாக மாறிவிட, பாக்டீரியா எடுத்துக்கொள்ளக்கூடிய வடிவம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட எஞ்சியிருக்காது. பாக்டீரியா சாகவில்லை, பட்டினி கிடந்தது.

இதில் எனக்கு உறைத்தது, எங்கள் தீவின் தண்ணீரைப் பற்றி நாங்களே கொண்டிருந்த பெருமைதான். தண்ணீர்மலைப் பக்கம் வளர்ந்தவன் நான்; கருங்கல் பாறையில் விழுந்தோடும் ஓடைத் தண்ணீர் சோப்புப் போட்டால் எவ்வளவு நுரைக்கும் என்று சிறுவயதில் பார்த்தவன். சுண்ணாம்பு இல்லாத தண்ணீர் துணிக்கும் தேநீருக்கும் நல்லது. அதே காரணத்தால்தான் அதில் அமிலத்தைத் தாங்கும் சக்தியும் இல்லை. கடினநீர் வரும் ஊர்க்காரர்கள் எழுதி வைத்த குறிப்புகளைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கியதால், அவர்கள் கவலைப்படாத ஒன்றைப் பற்றி நானும் கவலைப்படவில்லை. போதாததற்கு, தொடக்கத்திலேயே ஆசைப்பட்டு நான்கு கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலையை வேறு போட்டு வைத்திருந்தேன். அவையும் தம் பங்குக்குக் கொஞ்சம் அமிலத்தைச் சேர்த்திருக்கும்.

பரிகாரம் சமையலறையிலேயே இருந்தது. ஆப்ப சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட். இந்த 55 லிட்டரில் கே.எச்.சை ஒரு புள்ளி உயர்த்த 1.65 கிராம் வேண்டும்; தலைதட்டிய தேக்கரண்டி ஏறத்தாழ 5 கிராம் என்பதால், ஒரு கரண்டிக்கு மூன்று புள்ளி. மனைவி அவசரத்தில் பேக்கிங் பவுடர் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். அதில் அமிலமும் மாவும் கலந்திருப்பதால் அதைப் போட்டிருந்தால் கதை வேறாகியிருக்கும். சோடாவை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து இரண்டு தடவையாக ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் பி.எச். 7.4. இரண்டாம் நாள், முப்பத்து மூன்றாம் நாள் காலை, அம்மோனியா குழாய் மஞ்சள். சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன், அங்கேயும் மஞ்சள்தான். மனைவியும் மஞ்சள் என்றார்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். தொட்டியில் மீன் இருந்து, அம்மோனியாவும் தேங்கி, பி.எச்.சும் சரிந்திருக்கும்போது யாரும் இப்படி ஒரே மூச்சில் சோடாவைக் கொட்டக் கூடாது. 30 டிகிரித் தண்ணீரில், பி.எச். 6-இல் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும் நச்சு அம்மோனியா, பி.எச். 8-ஐத் தொட்டால் நூற்றில் ஏழு பங்காகிவிடும். எனக்கு மீன் இல்லாததால் துணிந்தேன். மீன் இருந்தால் முதலில் தண்ணீரை மாற்ற வேண்டும்.

நைட்ரைட் மட்டும் ஊதாவிலிருந்து இறங்க மறுத்தது. இங்கேயும் ஒரு கணக்கை நான் கவனிக்கவில்லை: 1 பிபிஎம் அம்மோனியா 2.7 பிபிஎம் நைட்ரைட்டாகிறது. ஒரே தவணையே அட்டையின் கடைசிக் கட்டத்தைத் தாண்டிவிடும் என்றால், நான்கு தவணைக்குப் பிறகு குழாயைப் பார்த்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று எப்படிச் சொல்வது? 1 மில்லி தொட்டித் தண்ணீருடன் 4 மில்லி குழாய்த் தண்ணீர் கலந்து, வந்த எண்ணை ஐந்தால் பெருக்கினேன். 10 பிபிஎம். பாதித் தண்ணீரை மாற்றினேன். அதற்குப் பிறகு நாளொரு நிறமாக இறங்கி, நாற்பத்தொன்றாம் நாள் நீலமாகியது. நாற்பத்து மூன்றாம் நாள் பரீட்சையாக ஊற்றிய தவணையில் மறுநாள் நைட்ரைட் அரை பிபிஎம் மிச்சம் வைத்தது. நாற்பத்தைந்தாம் நாள் ஊற்றியது நேற்று முழுவதும் தீர்ந்தது.

ஆப்ப சோடா ஒரு நாள் வைத்தியம்; தினமும் ஊற்றிக்கொண்டிருக்க முடியாது. இதற்குப் பவளத் துண்டுகளை வலைப்பையில் போட்டு ஃபில்டருக்குள் வைப்பது வழக்கம். நான் வைத்திருப்பது கெராங் என்ற சிப்பியின் ஓடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கெராங் அவித்துச் சாப்பிட்டபின், ஓடுகளைப் பல்துலக்கும் பழைய பிரஷால் தேய்த்து, இரண்டு தடவை கொதிக்க வைத்து, வெயிலில் காய வைத்து, துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டினேன். அதுவும் கால்சியம் கார்பனேட்தான். தண்ணீர் அமிலமானால் வேகமாகவும், சமநிலைக்கு வந்தால் மெதுவாகவும் கரைவதால், தேவைக்கேற்ப அதுவே அளந்து கொடுக்கும். தவுக்கேயிடம் சொன்னபோது, கெராங் போட்டு வறுக்கும் நூடுல்ஸான சார் குவே தியாவை மீனுக்குச் செய்யப் போகிறாயா என்று கேட்டுச் சிரித்தார்.

விட நினைத்திருக்கும் மீன் ஹார்லெக்வின் ரஸ்போரா, பத்து. 1904-இல் டுங்கர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் பெயரிட்டு விவரித்த இது நம் தீபகற்பத்துச் சதுப்புக் காட்டு ஓடைகளின் சொந்த மீன். அகன்ற இலையின் அடிப்புறத்தில் மல்லாந்து முட்டையிடும் என்பதால், அடுத்ததாகக் கிரிப்டோகொரைன் செடி தேட வேண்டும். பட்டர்வொர்த் பக்கம் ஒருவர் தொட்டியில் வளர்த்து விற்பதாகக் கேள்வி. மென்மையான, சற்றே அமிலமான தண்ணீரில் வாழும் மீனுக்காக, அதே மென்மையை எதிர்த்து இவ்வளவு நாள் போராடியிருக்கிறேன் என்பது வேடிக்கைதான். பத்துச் சிறிய மீனின் கழிவு என் தவணைகளைவிட மிகக் குறைவு என்பதால், கே.எச். 3-ஐ ஒட்டி நின்றாலே போதும். மீனுக்கும் அது தொந்தரவாக இராது. இதற்கிடையில் ஓர் அடித் தொட்டி ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டேன், பெட்டா இம்பெல்லிஸ் என்ற சண்டை மீன் ஒரு சோடிக்காக. வயல் வாய்க்கால்களில் இருந்த மீன். இம்பெல்லிஸ் என்றால் லத்தீனில் சண்டையிடாதது என்று பொருள். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

இன்று காலை நைட்ரேட் பார்த்தேன். இரண்டாவது போத்தலை முப்பது விநாடி வலுவாகக் குலுக்காவிட்டால் பொய் சொல்லும் சோதனை அது. கை வலிக்கக் குலுக்கினேன், 40 பிபிஎம். முக்கால்வாசித் தண்ணீரை வாளி வாளியாக மாற்றியபின் 10. அந்தத் தண்ணீரோடு கெத்தாப்பாங் இலைகளும் வெளியே போயின; ஒன்றை மட்டும் திரும்பப் போட்டேன். மாலையில் கே.எச். மூன்று சொட்டு. மூடிக் கண்ணாடியில் ஃபில்டர் குழாய்க்கு மூலை வெட்டித் தரும் கடை திங்கட்கிழமைதான் திறக்கும். அதுவரை பாக்டீரியா பட்டினி கிடக்காமலிருக்கத் தினமும் அரைத் தவணை நவச்சாரம். பத்து மீனை எடுத்து வைக்கும்படி தவுக்கேயிடம் சொல்லியிருக்கிறேன்.