சோலாருக்கு பேட்டரி தேவையா?

கூரையில் சோலார் இருந்தால் கரண்ட் போனாலும் வீட்டில் விளக்கு எரியும் என்று பலர் நினைக்கிறார்கள். எரியாது. சாதாரண ஆன்-கிரிட் (மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும்) இன்வெர்ட்டர், லைன் போன நொடியே தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

நெட் மீட்டரிங்கில், அதாவது மிஞ்சும் சோலார் கரண்டை லைனுக்குக் கொடுத்து பில்லில் கழித்துக்கொள்ளும் முறையில், கொடுக்கும் யூனிட்டுக்கு முழு யூனிட் திரும்பக் கிடைக்கிறதா? கரண்ட் போவதும் அரிதா? அப்படியானால் பேட்டரி வீண் செலவு, கிரிட்டே உங்கள் பேட்டரி. விற்கும் விலை வாங்கும் விலையைவிட மிகக் குறைவு என்றால்தான் கணக்கே தொடங்குகிறது.

மாலை 6 முதல் காலை 6 வரை மீட்டர் எத்தனை யூனிட் ஓடுகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். 4 யூனிட் என்றால் 5 யூனிட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி போதும். லெட்-ஆசிட் என்றால் சார்ஜை பாதிக்குமேல் இறக்கக் கூடாது, அதனால் 8 யூனிட் வாங்க வேண்டிவரும்.

பேட்டரி விலையை (பயன்படும் யூனிட் × சைக்கிள் எண்ணிக்கை) கொண்டு வகுங்கள். ஒருமுறை சார்ஜ் ஏறி இறங்கினால் ஒரு சைக்கிள். பயன்படுவது 4 யூனிட், 4,000 சைக்கிள் என்றால் 16,000 யூனிட். இப்படி வரும் ஒரு யூனிட் விலை, வாங்கும்-விற்கும் விலை வித்தியாசத்தைவிட அதிகமென்றால் பணம் மிஞ்சாது. பவர் கட்டுக்காக மட்டும் வாங்கலாம்.

பலர் சறுக்குவது மோட்டாரில். 1 எச்பி பம்ப் ஓடும்போது சுமார் 1 கிலோவாட்தான். ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு இழுக்கும், இன்வெர்ட்டர் டிரிப் ஆகலாம். பம்ப், கீசர், ஏசியை, பவர் கட்டில் பேட்டரியில் ஓடும் பேக்கப் லைனில் சேர்க்காதீர்கள். பழைய இன்வெர்ட்டர் ஹைபிரிட் (பேட்டரியும் இணைக்கக்கூடியது) இல்லையென்றால் ஹைபிரிட் வாங்கும் செலவையும் கூட்டுங்கள். பேட்டரியை மொட்டைமாடி வெயிலில் வைக்கவே வேண்டாம்.