களி தெரியுமா என்று கேட்டார்கள்

கல்யாணமாகித் திருச்சூர் பக்கம் போன முதல் மார்கழி (அங்கே தனு மாதம்). மாமியார், "மோளே, திருவாதிரக்களி அறியுமோ?" என்றார். நானும் பெருமையாக, பச்சரிசியை வறுத்து உடைத்து வெல்லம் போட்டுக் கிண்டி, ஏழு கறிக் கூட்டோடு செய்வேன் என்று சொல்லிவிட்டேன். வீடே சிரித்தது. நமக்குக் களி தின்பது, அவர்களுக்குக் களி ஆடுவது. போதாக்குறைக்கு அன்று நோன்பிருக்கும் பெண்கள் அரிசியையே தொடுவதில்லை. 'திருவாதிரைக்கு ஒரு வாய்க் களி தின்னாதவர் நரகக்குழி' என்று கேட்டு வளர்ந்தவள் நான்!

சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம் நடக்கிற அதே திருவாதிரைதான். சிவனை அடையப் பார்வதி தவமிருந்ததை நினைத்துக் கல்யாணமானவர்கள் கணவனுக்காகவும், ஆகாதவர்கள் நல்ல கணவனுக்காகவும் இருக்கிற நோன்பு. கல்யாணத்துக்குப் பின் வரும் முதல் திருவாதிரைக்குப் பூத்திருவாதிரை என்று பெயர், அதனால் அந்த வருடம் எனக்குத்தான் எல்லாக் கவனிப்பும்.

முதல் நாள் மகயிரத்தன்று (நம் மிருகசீரிடம்) சாயங்காலம் எட்டங்காடி: கிழங்குகளைக் கனலில் சுட்டு நறுக்கி, பயறும் வெல்லப்பாகும் சேர்த்துக் கிளறுவது. மறுநாள் கூவைப்பொடிப் (ஆரோரூட் மாவு) பாயசம், கிழங்குப் புழுக்கு, அப்புறம் வெற்றிலை. ராத்திரி தூங்கக் கூடாது. குத்துவிளக்கைச் சுற்றிக் கசவு முண்டு கட்டிய பெண்கள் குனிந்து நிமிர்ந்து கைகொட்டி ஆடுவார்கள். பார்க்கச் சுலபம், ஆடினால் இடுப்பு போய்விடும். நான் எல்லாரும் கொட்டி முடித்த பிறகே கொட்டினேன். நள்ளிரவில் பாதிராப்பூச் சூடல், அதாவது தசபுஷ்பம் என்கிற பத்து வகைச் செடிகளைத் தலையில் வைத்துக்கொள்வது. அதில் அருகம்புல்லும், நாம் பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற சிறுபூளையும் இருந்ததைப் பார்த்ததும்தான் ஊர் ஞாபகம் வந்தது.

விடிவதற்கு முன் குளத்தில் துடிச்சுக்குளி. பாடிக்கொண்டே தண்ணீரைக் கையால் ஓங்கி அடித்துக் குளிப்பார்கள். குளிரில் பல் கிட்டியது, ஆனால் அந்தச் சத்தம்! திருவெம்பாவையில் பொய்கையில் இறங்கிய பெண்கள் 'முகேரென்னக் கையால் குடைந்து' ஆடுகிறார்களே, சின்ன வயதில் அர்த்தம் தெரியாமல் ஒப்பித்த வரி, அன்றைக்குத்தான் காதில் கேட்டது.

இப்போது மைதானங்களில் ஆயிரக்கணக்கானோரை நிறுத்தி, ஒலிபெருக்கி வைத்து ஆட வைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பத்துப் பேர் கைத்தட்டல் கேட்கிற முற்றம் போதும்.

நாங்கள் சென்னைக்கு வந்துவிட்டோம். இங்கே இரண்டு திருவாதிரையும் உண்டு. வீட்டாருக்குக் களி கிண்டி வைத்துவிட்டு நான் கூவைப் பாயசம் குடிக்கிறேன், மிஞ்சிய களியை மறுநாள் காலையில் பழைய கூட்டோடு, யாரும் எழுவதற்கு முன்.