தேக்கா மட்டும் சிவந்து கிடந்த வரைபடம்

இடைக்கால வாய்மொழித் தேர்வில் எனக்கு வந்த முதல் கேள்வியே ஆளைச் சாய்த்துவிட்டது. திரையில் நான் ஐந்து வாரம் உழைத்துப் போட்ட வரைபடம். சிங்கப்பூர்த் தமிழர்களின் கலையும் கைவினையும் எங்கெங்கே இருக்கின்றன என்பது தலைப்பு. லிட்டில் இந்தியா என்கிற தேக்கா முழுக்கச் சிவப்புப் புள்ளி. டேங்க் ரோட்டிலும் சவுத் பிரிட்ஜ் ரோட்டிலும் ஒன்றிரண்டு. மற்றபடி தீவே வெளிறிக் கிடந்தது. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஈசூனில் யாரும் பாடுவதில்லையா என்று கேட்டார்.

நான் குடியிருப்பதே ஈசூனில். எங்கள் புளோக்கில் நான்காவது மாடி வீட்டுக் கூடத்தில் ஞாயிறு காலை மிருதங்க வகுப்பு நடக்கும். மின்தூக்கிக்குக் காத்து நிற்கும்போதே ‘த தி தொம் நம்’ காதில் விழும். அதை நான் குறிக்கவில்லை. ஏன் என்று யோசித்தபோது கிடைத்த பதில் கூச்சமாக இருந்தது: அந்த வீட்டுக்குப் பெயர்ப்பலகை இல்லை.

டிஜிட்டல் வரைபடம் வைத்துக் கலாசாரத்தை ஆராயப் போகும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல நினைப்பது எல்லாம் இதை ஒட்டித்தான். மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை யூடியூபே சொல்லிக் கொடுத்துவிடும்.

என் தரவு வந்த வழியைச் சொல்கிறேன். சிங்கப்பூர் நில ஆணையத்தின் இணைய வரைபடமான ஒன்மேப், அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளம், தேசிய மரபுடைமைக் கழகத்தின் பட்டியல்கள். எல்லாமே நல்ல தரவு, சுத்தமான தரவு, இலவசம் வேறு. ஆனால் பதிவு எண்ணும் முகவரியும் உள்ளவர்கள்தான் அவற்றில் இருப்பார்கள். 1949-இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகத்தையோ, 1952-இல் தொடங்கிய பாஸ்கர் கலைக்கழகத்தையோ, 1977-இல் வந்த அப்சராஸ் ஆர்ட்ஸையோ குறிப்பதற்கு நாற்காலியை விட்டு எழவே வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்தபடி குறிக்க முடிந்ததை மட்டும் குறித்துவிட்டு அதற்குச் சமூகம் என்று பெயர் வைத்ததுதான் என் பிழை.

இன்னொன்றையும் நான் யோசிக்கவில்லை. 1989 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) குடியிருப்புகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது. ஒவ்வொரு புளோக்கிலும் வட்டாரத்திலும் ஒவ்வோர் இனத்துக்கும் வரம்பு உண்டு. அதனால் தமிழர்கள் தீவு முழுக்கப் பரந்துதான் வாழ்கிறார்கள். தேக்காவில் கடை நெருக்கம் அதிகமே தவிர, நம் ஆட்கள் பெரும்பாலோர் அங்கே வாங்க வருகிறவர்கள், குடியிருப்பது வேறெங்கோ. என் சிவப்புப் புள்ளிகள் சொன்னது எது எங்கே விற்கிறது என்பதைத்தான். அது எங்கே உருவாகிறது என்பதைச் சொல்லவே இல்லை.

இரண்டாம் சுற்றில் முறையை மாற்றினேன். கைபேசிச் செயலியைப் பையில் போட்டுவிட்டு, ஏ3 தாளில் தீவின் எல்லைக்கோட்டை மட்டும் அச்சிட்டு எடுத்துப் போனேன். சமூக மன்றம், கோயில் அன்னதான வரிசை, அம்மாவின் தோழிகள் என்று தெரிந்த இடமெல்லாம் போய், “இந்த வாரம் நீங்க கையால, குரலால, காலால என்ன செஞ்சீங்க? எங்க?” என்று கேட்டுப் பென்சிலை நீட்டினேன். கலாசாரம் என்ற சொல்லை வாயிலேயே எடுக்கவில்லை. எடுத்தால் எல்லாரும் பரதநாட்டியம் என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

செம்பவாங்கில் ஓர் அக்கா. பகலில் அலுவலக வேலை, இரவில் ரவிக்கைகளுக்கு ஆரி வேலை. தாளை வாங்கியவர் முதலில் தன் வீட்டுச் சன்னலை வரைந்தார், வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்குமாம். அதிலிருந்து ஒரு கோட்டைத் தேக்கா நிலையத்தின் இரண்டாம் மாடித் தையல்கடைக்கு இழுத்தார். பிறகு அதே கோட்டின் மேல் இரண்டு முறை பென்சிலை ஓட்டி அழுத்தமாக்கி, “தீபாவளி மாசம்னா இப்படி” என்றார். அதுவரை என் கோப்பில் அந்தத் தையல்கடை ஒரு புள்ளி. அன்றிரவு அது ஒரு கோட்டின் முனை ஆனது. முதல் புள்ளி செம்பவாங்கில் விழுந்தது.

ஆகவே மென்பொருளைத் திறக்கும் முன் அட்டவணைத் தலைப்புகளை எழுதிவிடுங்கள். பெயர், வகை, முகவரி என்று மூன்றோடு நிறுத்தாமல் எந்த நாள், எந்த நேரம், பொருள் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, யாரிடம் கற்றார், எந்த மாடி என்று சேருங்கள். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் கேட்ட இடத்துக்கே மறுபடி நடக்க வேண்டும். நான் நடந்தேன்.

மாடி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் 6 இலக்க அஞ்சல் குறியீடு பெரும்பாலும் கட்டடத்துக்கு ஒன்று. முகவரியைப் புள்ளியாக மாற்ற இதைவிட வசதி எந்த நாட்டிலும் இருக்காது. அதுவே கண்ணியும்கூட. தேக்கா நிலையம் மொத்தமும் 210665 தான். கீழே ஈரச்சந்தை, உணவங்காடி, மேலே துணிக்கடை, தையல்கடை. அத்தனையும் ஒரே புள்ளியில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். முப்பது கடையைப் பதிவு செய்துவிட்டுப் படத்தில் ஒரே ஒரு புள்ளியைப் பார்த்தபோது, சேமிக்காமல் மூடிவிட்டேனோ என்று வயிற்றைக் கலக்கியது. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒரே இடத்துப் புள்ளிகளை வட்டமாக விரித்துக் காட்டும் வசதி இருக்கிறது. அதைவிட நல்லது, அந்தக் கட்டடத்துக்கு மட்டும் தளவாரியாகத் தனிப் படம் போடுவது.

அஞ்சடியில், அதாவது கடைவீடுகளின் முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதையில், நின்று ஜிபிஎஸ் எடுப்பவர்களுக்கும் ஒரு சொல். தலைக்கு மேல் கூரை, எதிரே சுவர். வெட்டவெளியிலேயே கைபேசி சில மீட்டர் தள்ளிக் காட்டும். கடைவீடுகளின் முகப்பு அகலமே ஐந்தாறு மீட்டர்தான். டன்லப் ஸ்திரீட்டில் நான் குறித்த தட்டார் கடை படத்தில் பக்கத்து மளிகைக்கடைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. கட்டட எல்லை தெரியும் அடிப்படை வரைபடத்தில் விரலால் தொட்டுக் குறிப்பதே மேல்.

அடுத்து ஆப்பிரிக்கா. சிங்கப்பூரின் உள்ளூர் ஆயத்தொலைவு முறை எஸ்விஒய்21, மென்பொருளில் அதன் எண் 3414. அதில் தேக்கா கிழக்கே 30,000 மீட்டர் சொச்சம், வடக்கே 32,000 சொச்சம் என்று வரும். அந்த எண்களை இணைய வரைபடங்களின் 3857 என்று நினைத்து ஏற்றினால், உங்கள் பூக்கடைகள் எல்லாம் ஆப்பிரிக்காவை ஒட்டிய கினி வளைகுடாவில் மிதக்கும். எனக்கு மிதந்தன. தரவைத் திருத்தாதீர்கள், முறையின் எண்ணை மட்டும் மாற்றுங்கள். பதற்றத்தில் எண்களைக் கையால் திருத்தத் தொடங்கிய நண்பன் ஒருவனுக்கு ஒரு வாரம் போனது.

தமிழில் தரவு வைப்பவர்கள் சிஎஸ்வி கோப்பை எக்செலின் ‘CSV UTF-8’ வகையாகச் சேமியுங்கள், இல்லையென்றால் எக்செல் திறந்ததும் எல்லாம் கிறுக்கலாகிவிடும். ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வகை வேண்டவே வேண்டாம். அதில் தலைப்புப் பெயருக்கு 10 பைட்டுதான் இடம்; தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். ‘பூக்கடை’ என்று எழுதினால் ‘பூக’ என்று நின்றுவிடும். ஜியோபேக்கேஜ் என்ற புதிய வகை பிரச்சினை தராது. ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். வைக்கலாம். ஆனால் ‘சரம்’, ‘ஆரம்’, ‘செண்டு’, ‘மாலை’ நாலையும் ஒரே ஆங்கிலச் சொல்லில் அடைத்த பிறகு ஆராய என்ன மிஞ்சும்?

பூ கட்டும் ஆன்ட்டியிடம் நான் கற்றது தனி. பஃபலோ ரோட்டில் அவர் கடைக்குப் பக்கத்தில் கவிழ்த்த வாளியில் மூன்று நாள் காலை உட்கார்ந்திருந்தேன். பேசிக்கொண்டே கட்டுவார், கண் பூவில் இருக்காது. இரண்டு பூ இப்படி, இரண்டு பூ அப்படி, நாரை ஒரு சுற்று, ஒரு இழுப்பு. மல்லி விமானத்தில் இந்தியாவிலிருந்து வருகிறது, சாமந்தி மலேசியாவிலிருந்து என்றார். மாலை எங்கே போகிறது என்றதற்கு வீரமாகாளியம்மன் கோயில், பெருமாள் கோயில், கல்யாணம், வீட்டுச் சாமி, சாவு வீடு என்று அடுக்கினார். மூன்றாம் நாள் அவர் கேட்டார்: “ஏம்மா, இதைப் படத்துல போட்டா வாடகையை ஏத்திருவாங்களா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆய்வு அறநெறிப் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012 பெயரையும் எண்ணையும் பற்றி யோசிக்க வைக்கும். ஒரு தெருவைப் பிரபலமாக்கினால் அந்தத் தெருவில் இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். வீட்டில் வகுப்பு நடத்துபவர்களை நான் புள்ளியாகவே வைக்கவில்லை. தரைவீட்டின் அஞ்சல் குறியீடு நேரே அந்த ஒரு வாசலுக்குக் கொண்டுபோய் விடும். அவர்களை நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் 55 திட்டமிடல் வட்டாரங்களுக்குள் எண்ணிக்கையாக மட்டும் காட்டினேன். ஞாயிறு மாலை புல்தரையில் கைபேசியில் பாட்டுப் போட்டுக் கூடிப் பாடும் வெளிநாட்டு ஊழியர் அண்ணன்களின் இடங்களைக் குறிக்கவே இல்லை, எழுத்தில் சொன்னதோடு சரி. மதிப்பெண் குறையும் என்று மேற்பார்வையாளர் எச்சரித்தார். குறையட்டும் என்று விட்டேன்.

ஒலியை ஆராய விரும்புகிறவர்களுக்குத் தைப்பூசத்தைவிட நல்ல பாடம் கிடைக்காது. பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை காவடி போகும் பாதையில் 1973 முதல் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்தது. 2016-இல் 3 இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. இது தெரியாமல் ஒலிப்பதிவை மட்டும் வரைபடத்தில் ஏற்றினால், அந்த இடங்களில்தான் மக்களுக்கு உற்சாகம் அதிகம் என்று எழுதிவைப்பீர்கள். உற்சாகம் பாதை முழுக்க உண்டு. உறுமி எங்கே கேட்கலாம் என்பதை முடிவு செய்தது அனுமதி.

பழைய வரைபடங்களைப் பற்றிச் சுருக்கமாக. 1822-இல் லெப்டினன்ட் ஜாக்சன் வரைந்த நகரத் திட்டத்தில் ஆற்றின் மேற்பக்கம் ‘சூலியா கம்போங்’ என்று இந்தியர்களுக்கு ஒதுக்கியிருக்கும். எல்லாரும் அதை முதல் பக்கத்தில் ஒட்டுகிறார்கள். அது திட்டம், இருந்ததைக் காட்டும் படம் அல்ல. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் நம்மவர்களைச் சேர்த்தது மாட்டு வியாபாரம். பஃபலோ ரோடு, மலாயில் எருமை என்று பொருள்படும் கெர்பாவ் ரோடு என்ற பெயர்களில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

புள்ளிகளின் நெருக்கத்தை நிறத்தால் காட்டும் வெப்ப வரைபடம் போட ஆசை வரும், பார்க்க அழகு. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி எடுக்கும் வட்டத்தின் ஆரம் 500 மீட்டர் என்றால் தேக்கா ஒரே நெருப்புக் கோளம். 50 மீட்டர் என்றால் கேம்பல் லேனும் பஃபலோ ரோடும் தனித்தனி. என்ன ஆரம், ஏன் என்று படத்துக்குக் கீழே எழுத முடியாவிட்டால் போடாதீர்கள். களப்பணியைத் தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் வைக்காதீர்கள், யாருக்கும் பேச நேரம் இருக்காது.

இறுதித் தேர்வு முடிந்த மறுவாரம் அச்சிட்ட படத்தை ஆன்ட்டியிடம் கொண்டுபோனேன். வாழ்த்துச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நார்ச்சுருளைக் கீழே வைத்துவிட்டு, காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, பக்கத்துப் பூக்கடைப் புள்ளியில் ஒரு பெருக்கல் குறி போட்டார். “இவங்க போன மாசமே போயிட்டாங்கம்மா. மாத்திரு.”